ஒற்றுமை கேட்ட அறிவிப்பு: கிளர்ச்சிப் படைகள் ஏன் உடைகின்றன?

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1801 ஜூன் 16 என்று தேதியிட்ட ஓர் அறிவிப்பு இந்த ஊரில் இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது. ஒன்று, திருச்சிக் கோட்டைக்குள் நவாபின் அரண்மனைக்குப் போகிற வாசல். இன்னொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் மதில். விடுத்தவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது. ஜம்புத் தீவுப் பிரகடனம் என்று உங்களில் பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள்.

இந்த இரண்டு இடங்களும் யோசித்துத் தேர்ந்தவை. திருச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய படை முகாம் இருந்தது; அதில் சிப்பாய்களாக நின்றவர்கள் நம்மவர்கள். ஸ்ரீரங்கத்துக்கோ நாலா திசையிலிருந்தும் சேவார்த்திகள் வந்து போவார்கள். அங்கே ஒட்டியதைப் படித்தவன் ஊருக்குப் போய்ச் சொல்வான். அறிவிப்பு பேசியதும் அப்படி எல்லாரையும் நோக்கித்தான். எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்தது. நவாப் முகமது அலி ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததைக் குற்றம் என்றது. இந்த நாட்டை ஆண்டவர்கள் ஒருவரை ஒருவர் பகைத்துப் பழித்ததால்தான் வெளியார் உள்ளே வந்தார்கள் என்றது. அவரவர் முன்னோர் வழியில் வந்த ஆட்சியை அவரவருக்குத் திருப்பிக் கொடுப்பதே வழி என்றது.

அறிவிப்பு ஒட்டி நான்கு மாதம் எட்டு நாளில், அக்டோபர் 24 அன்று, மருது சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த நான்கு மாதத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். அங்கிருந்து, நம் தலைமுறை பார்த்த இன்னொரு போருக்கும் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு மேடைகளில் வழக்கமாக ஒரு பதில் உண்டு: காட்டிக் கொடுத்துவிட்டார்கள். எட்டயபுரம், புதுக்கோட்டைத் தொண்டைமான் என்று பெயர்கள் வரிசையாக வரும். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. தொண்டைமான் கம்பெனிக்கு உதவினார், அதில் ஐயமில்லை. ஆனால் காட்டிக் கொடுத்தார்கள் என்று சொன்ன அந்த நொடியில் நாம் விசாரணையை முடித்துக்கொள்கிறோம். போனவன் ஏன் போனான், போவதற்கு முன் அவனுக்கு என்ன வழக்கு இருந்தது, அந்த வழக்கை யாராவது கேட்டார்களா என்பதெல்லாம் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

சிவகங்கையின் வழக்கு என்ன என்று பார்ப்போம். 1772இல் காளையார்கோயிலில் மன்னர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் விருப்பாச்சிக்குப் போய், ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சீமையை மீட்டார். மீட்டுக் கொடுத்த கரங்கள் மருது சகோதரர்களுடையவை. அதன்பின் அரியணை ஒரு பக்கமும் அதிகாரம் ஒரு பக்கமுமாக ஆயிற்று. வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையாத் தேவர் மன்னர். நாட்டை நடத்தியவர்கள் மருதுக்கள். அவர்கள் நன்றாகவே நடத்தினார்கள் என்று அவர்களோடு போரிட்ட வெள்ளைக்கார அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர். அரச வழியில் உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லபர் அவர்களோடு பகைத்துக்கொண்டு அறந்தாங்கிப் பக்கம் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார்.

1801 கோடையில் கம்பெனிக்கு நிலைமை நன்றாக இல்லை. மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மருதுக்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். கர்னல் ஆக்னியூ தலைமையில் வந்த படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்றது. ஜூலைக் கடைசியில் தொடங்கிய வேலை. முள்ளும் மூங்கிலும் அடர்ந்த காடு. பகலில் வெட்டுகிறவர்கள் மேல் மறைவிலிருந்து குண்டும் ஈட்டியும் வந்து விழும். ஒரு மாதம் போராடிவிட்டுச் செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையையே கைவிட்டார்கள். பீரங்கியும் கோடரியும் தோற்ற இடம் அது.

அதே செப்டம்பரில் ஆக்னியூ வேறொன்று செய்தார். கௌரி வல்லபரை வரவழைத்துச் சோழபுரத்தில் சிவகங்கையின் ஜமீன்தாராகப் பட்டம் கட்டினார். முறையான வாரிசு இவர், உங்கள் விசுவாசம் இவருக்குரியது என்று குடிகளுக்குச் சொல்லப்பட்டது. மருதுக்களோடு நின்றவர்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போனது. அக்டோபர் 1 அன்று மூன்று பக்கமிருந்தும் தாக்கிக் காளையார்கோயிலைப் பிடித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்ரீரங்கத்து மதிலில் சின்ன மருது என்ன கேட்டிருந்தார்? முன்னோர் வழி உரிமை அவரவருக்கு என்று. சோழபுரத்தில் கம்பெனி எதைச் செய்வதாகச் சொன்னது? அதையேதான். அறிவிப்பின் நியாயத்தை எடுத்து, அதை எழுதியவருக்கு எதிராகவே திருப்பினார்கள். நாடு முழுவதற்கும் சொன்ன தீர்வு சொந்தச் சீமையின் உள்வழக்கைத் தீர்க்காமல் விட்டிருந்தது. அந்த வழக்கு உள்ளுக்குள் தீர்ந்திருந்தால் சோழபுரத்தில் பட்டம் கட்ட ஆள் கிடைத்திருக்கமாட்டார். கம்பெனி பிளவை உண்டாக்கவில்லை. இருந்த பிளவுக்கு விலை கொடுத்தது.

படமாத்தூராருக்குப் பழைய வழக்கு இருந்தது. அவரைத் துரோகி என்று மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மருதுக்களையும் இதனால் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களைப் போல் பல சாதி, பல சமய மக்களைப் பெயர் சொல்லி ஒன்றாய் அழைத்தவர்கள் அந்தக் காலத்தில் அரிது. ஆனால் அவர்களது கூட்டணி எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சி கோபால நாயக்கர், தெற்கே பாஞ்சாலங்குறிச்சியார், கொங்கில் ஒரு அணி, மலபாரில் பழசி ராஜா, வடக்கே துந்தாஜி வாக். ஒவ்வொருவருக்கும் சொந்த மண்ணில் ஆழமான வேர். ஒருவருக்கொருவர் இருந்த தொடர்போ தூதுவர்கள் கொண்டுபோன ஓலை அளவுக்குத்தான். 1800 ஜூனில் கோவையில் கிளர்ச்சியாளர்கள் எழுந்து அடங்கினார்கள். செப்டம்பரில் துந்தாஜி கொல்லப்பட்டார். 1801 பிப்ரவரியில்தான் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஜூனில் சிவகங்கை எழுந்தது. ஒவ்வொரு பகுதியும் தன் முறை வந்தபோது தனியாகவே நின்றது. போதாக்குறைக்கு, 1790களின் நடுவில் சிவகங்கையும் ராமநாதபுரமும் தங்களுக்குள் மோதியிருந்தன. அந்த மோதலுக்குப் பின் 1795இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கியதும் கம்பெனிதான்.

பால் ஸ்டானிலேண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014இல் ஒரு நூல் எழுதினார். காஷ்மீர், இலங்கை, ஆப்கானிஸ்தான் கிளர்ச்சிகளை ஒப்பிட்டு அவர் சொல்வது இது: ஆயுதக் குழு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதைத் துப்பாக்கி தூக்குவதற்கு முன் அந்தத் தலைவர்களுக்குள் என்ன உறவு இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தலைவர்களுக்குள் உறவு வேண்டும், ஊரோடும் உறவு வேண்டும். ஊரோடு மட்டும் இருந்து தலைவர்களுக்குள் இல்லாவிட்டால், அந்தந்த வட்டாரத்தில் கடுமையாகப் போரிடுவார்கள், ஒன்றாக நிற்கமாட்டார்கள். 1801ஐ மனத்தில் வைத்து எழுதிய நூல் அன்று. ஆனாலும் அதைப் படிக்கும்போது நம் பாளையங்கள் கண்முன் வருகின்றன.

தோல்வியில்தான் பிளவு வரும் என்றும் எண்ண வேண்டாம். திருச்சிக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் முடங்கிக் கிடந்த சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தோற்றார்கள்; சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ஆற்காட்டு நவாப் பதவிக்கான உள்நாட்டுப் போர் அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முகமது அலிக்கு உதவ வந்த மைசூர் நஞ்சராஜனுக்கு, வென்றால் திருச்சியைத் தருவதாக வாக்கு. வென்றதும் முகமது அலி தரவில்லை. நஞ்சராஜன் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார். மராட்டிய முராரி ராவும் அணி மாறினார். காவிரிக் கரையில் இன்னும் இரண்டு ஆண்டு போர் நடந்தது. வெற்றிக்கு முன் எல்லாரும் நண்பர்கள். பங்கு பிரிக்கும் நாளில்தான் எத்தனை பக்கம் என்று தெரியும்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். இதைப் பேசும்போது குரல் தழுதழுக்கிறவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டிலும், திருவெறும்பூருக்கு அப்பால் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட போரில், சிங்கள அரசின் குண்டுகளுக்கு அடுத்தபடியாக நான் காணும் காரணம் இயக்கங்களுக்குள் நடந்த கொலைகள்.

1985 ஜூலையில் பூட்டானின் திம்புவில் ஈழத் தமிழர் தரப்பு ஒரே குரலில் பேசியது. விடுதலைப் புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப், ஈரோஸ், புளொட், தமிழர் விடுதலைக் கூட்டணி என ஆறு அமைப்புகளும் சேர்ந்து நான்கு அடிப்படைக் கோரிக்கைகளை வைத்தன. இவற்றில் நான்கு இயக்கங்கள் அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஒரு முன்னணியாகக் கைகோத்திருந்தன. திம்புவில் தெரிந்த ஒற்றுமை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோவைத் தாக்கினார்கள். மே முதல் வாரத்தில் டெலோ தலைவர் ஸ்ரீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். நூற்றுக்கணக்கான டெலோ இளைஞர்கள் சொந்த ஊர்த் தெருக்களில், சொந்தச் சனங்கள் பார்த்திருக்க, கொல்லப்பட்டார்கள். ஆண்டு முடியுமுன் ஈ.பி.ஆர்.எல்.எஃப்பும் தாக்கப்பட்டது.

இதற்கான விதை முன்பே விழுந்திருந்தது. புலிகள் அமைப்புக்குள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் 1980 வாக்கில் பிரிந்தார்கள். 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. அதன்பின் இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 கலவரம் வந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே நேரத்தில் இயக்கங்களில் சேர்ந்தார்கள். இந்திய அரசு ஒவ்வொரு இயக்கத்துக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தது. யாரும் மிதமிஞ்சி வளர்ந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. எந்த இயக்கமும் மற்றதைச் சார்ந்து வாழ வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பணமும் ஆயுதமும் வெளியிலிருந்து, அதுவும் பல வாசல்கள் வழியாக வந்தால், உள்ளே சமரசம் செய்ய அவசியம் எங்கிருந்து வரும்? இதில் தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கும் பங்கு உண்டு. ஆளுக்கொரு இயக்கத்தைத் தத்தெடுத்துக்கொண்டு மேடை போட்டோம். அந்தப் பொறுப்பை நாம் இன்னும் சரியாக ஏற்கவில்லை.

தோற்ற இயக்கங்கள் என்ன ஆயின? ஈ.பி.ஆர்.எல்.எஃப் 1987க்குப் பின் இந்திய அமைதிப்படையின் நிழலில் வடகிழக்கு மாகாண அரசை நடத்தியது. 1990 மார்ச்சில் படை கப்பலேறியதும் அந்த ஆட்சியும் போனது. அதே ஆண்டு ஜூனில் அதன் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டார்கள். டெலோ, புளொட் ஆகியவற்றின் மிச்சங்களும், ஈ.பி.ஆர்.எல்.எஃப் வழியில் பிரிந்துவந்த ஈ.பி.டி.பி.யும் கொழும்பு அரசோடு சேர்ந்து இயங்கின. அவர்களில் பலர் கொள்கை மாறிப் போகவில்லை. உயிர் பிழைக்கப் போனார்கள். ஆனால் போனபிறகு, யார் எந்த வீட்டில் ஒளிந்திருப்பார், எந்தத் தாய் யாருக்குச் சோறு போடுவாள் என்ற ஊரறிந்த விவரமெல்லாம் அரசின் கைக்குப் போனது. வெளியூர்ச் சிப்பாய்க்குத் தெரியாததெல்லாம் உள்ளூர்ப் பையனுக்குத் தெரியும். உள்நாட்டுப் போரில் பிளவு செய்கிற மிகப் பெரிய வேலை இதுதான். படைபலத்தைக் குறைப்பதைவிட, ஊருக்குள் இருந்த நம்பிக்கையை அது அழித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்லுவான் என்று தெரியாத ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

வாய் திறந்தவர்களின் கதி என்ன? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூறியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் எழுதிய ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

மற்ற இயக்கங்களை ஒழித்தபின் ஒற்றுமை வந்துவிடும் என்று சொல்லப்பட்டது. ஒரே தலைமை, ஒரே குரல் என்றார்கள். உள்ளே மாற்றுக் கருத்துக்கு வழியில்லாத அமைப்பில் வழக்குகள் தீர்வதில்லை. வெளியே தெரியாமல் வளர்கின்றன. துணைத் தலைவராக இருந்த மாத்தையா 1994 கடைசியில் சொந்த இயக்கத்தாலேயே கொல்லப்பட்டார். பிறகு 2004 மார்ச் மாதம் கருணா பிரிந்தார்.

கருணா மட்டக்களப்பு, அம்பாறைத் தளபதி. வன்னிப் பெரும்போர்களில் கிழக்கிலிருந்து போன பிள்ளைகள் ஏராளமாக மாண்டார்கள். ஆனால் இயக்கத்தின் நிர்வாகத் துறைகளின் தலைமையில் கிழக்கானுக்கு இடமில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. அவர் நேர்மையானவரா, சொந்தக் கணக்குகள் இருந்தனவா என்று நிறைய விவாதிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் குறை கிழக்கின் தாய்மார்கள் மனத்தில் உண்மையிலேயே இருந்தது என்பது. இன்னொன்று, இந்தப் பிளவு போர் உச்சத்தில் வரவில்லை. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டு கழித்து வந்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தபோதுதான் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. திருச்சியில் நஞ்சராஜன் எழுப்பிய கேள்விதான் இது.

2004 ஏப்ரலில் புலிகள் வெருகல் ஆற்றைத் தாண்டிக் கிழக்கில் இறங்கினார்கள். கருணா படையைக் கலைத்துவிட்டு மறைந்தார். கலைத்தபோது வீடு திரும்பியவர்களில் பலர் சிறுவர், சிறுமியர். அவர்களைப் புலிகள் மறுபடி தேடினார்கள். பின்னர் கருணா அணியும், அரசப் படை கண்டும் காணாமலும் இருக்க, பிள்ளைகளைப் பிடித்தது. ஐ.நா. சார்பில் போன ஆலன் ராக் 2006இல் இதை வெளிப்படையாகச் சொன்னார். ஒரே வீட்டுக் கதவை இரண்டு தரப்பும் தட்டின. 2007இல் கிழக்கு முழுவதும் அரசின் கைக்கு வந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

கருணா இல்லாவிட்டால் போர் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். உலகின் நிலை, கடற்படை வலிமை, 2001க்குப் பின் மாறிய சர்வதேசச் சூழல் என்று காரணங்கள் பல. ஆனால் ஆக்னியூவுக்குக் காளையார்கோயில் காட்டில் கிடைக்காத வழி சோழபுரத்தில் கிடைத்ததுபோல, கொழும்புக்குப் பல ஆண்டுகளாகக் கிடைக்காத கிழக்கின் உள்விவரம் 2004க்குப் பின் கிடைத்தது. இதை மறுக்க முடியாது.

பிளவு எப்போதும் அரசுக்கே லாபம் என்றும் சொல்ல மாட்டேன். நாகாலாந்தைப் பாருங்கள். இந்திய அரசோடு போட்ட 1975 ஷில்லாங் ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் 1980இல் என்.எஸ்.சி.என். என்ற கிளர்ச்சி அமைப்பைத் தொடங்கினார்கள், அதுவும் 1988இல் ரத்தம் சிந்தி இரண்டானது. 1997இல் ஒரு அணியோடு போர்நிறுத்தம், 2001இல் இன்னொரு அணியோடு. ஒருவரோடு ஒப்பந்தம் போட்டால் மற்றவர் ஏற்பதில்லை. 2015இல் கட்டமைப்பு ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தான பிறகும் இறுதி முடிவு வரவில்லை. அரசுக்குப் பேச ஒருவர் இல்லாமல் போனால் போர் சிறியதாகும், ஆனால் முடியாது. பிளவை மூடி மறைத்துச் சேர்ந்தாலும் அது தீர்வதில்லை. தெற்கு சூடானில் 1991இல் கிளர்ச்சித் தலைவர்கள் கராங்கும் ரியெக் மச்சாரும் பிரிந்தபோது நடந்த இனப் படுகொலைகளை அவர்கள் பின்னர் சேர்ந்தபோது யாரும் விசாரிக்கவில்லை. 2011இல் நாடு கிடைத்தது, 2013இல் அதே கோட்டில் நாடு வெடித்தது.

சிவகங்கைக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லவில்லையே. 1802இல் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் மன்னர் வேங்கன் பெரிய உடையாத் தேவரும் உண்டு, சின்ன மருதுவின் இளம் வயது மகன் துரைசாமியும் உண்டு. மருதுக்களோடு முன்பு பழகி, பிறகு அவர்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1818இல் பினாங்கில் அந்த மகனைப் பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இளைஞனாக இருக்க வேண்டியவர் கிழவரைப் போல் தளர்ந்திருந்தார். வென்ற பக்கமும் நிம்மதியாக இல்லை. கௌரி வல்லபர் 1829இல் இறந்ததும் அவருடைய குடும்பத்துக்குள்ளேயே வாரிசு வழக்கு மூண்டது. கட்டம நாச்சியார் தொடுத்த அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல்தான் தீர்ப்பானது. முன்னோர் வழி உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு, கடைசியில் அந்நியர் நீதிமன்றம் பதில் சொன்னது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. இந்த ஊரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை; வரலாற்றுத் துறைகள் நல்ல பெயரோடு இருக்கின்றன. கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் 1986ஐயும் 1990ஐயும் நேரில் கண்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகள் முழுமையாகச் சொல்லப்படவில்லை. பயமும் வெட்கமும் தடுக்கின்றன. மாணவர்களை அனுப்புங்கள். சம்மதம் கேட்டு, பெயரை மறைத்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்யுங்கள். போய் உட்கார்ந்ததும் நீங்கள் எந்த இயக்கம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.